என்றைக்கு என்று மட்டும் கேட்டவர்

கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர் முதலில் கம்ப்யூட்டரைத்தானே பார்க்க வேண்டும்? இவர் பார்க்க மாட்டார். உள்ளே வந்ததும் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொடுத்தவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு எங்கள் மேஜைக்கு அடியில் கிடக்கும் மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஸ்டூல் குட்டையானது. அதில் உட்கார்ந்தால் அவர் எங்களை நிமிர்ந்து பார்த்துத்தான் பேச முடியும். நல்ல நாற்காலி காலியாக இருந்தாலும் அவருக்கு அந்த ஸ்டூல்தான் வேண்டும்.

நான் வேலை பார்த்தது ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சோதனை அறையிலிருந்து பாக்கியம் அக்கா கையால் எழுதிய சீட்டுகள் வரும். அவற்றைப் பார்த்து நானும் இன்னொரு பெண்ணும் கம்ப்யூட்டரில் அடித்து ரிப்போர்ட் எடுப்போம். டாக்டர் கையெழுத்துப் போடுவார். நிலையம் அவருடையது. மொத்தம் மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர். பிரிண்டர் ஓட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அந்தக் கம்ப்யூட்டர்களுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ள மாதம் ஒருமுறை வந்தவர்தான் இவர். அந்த வேலைக்கு இன்று பெரிய பெயர்களெல்லாம் இருக்கின்றன. அன்று எங்கள் வாட்ச்மேன் தாஸ் வைத்த பெயர்தான், வைரஸ் டாக்டர். நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வந்த முதல் மாதமே கணக்கு எழுதும் கோபாலன் மாமாவிடம் போய் உட்கார்ந்தார். மாமா தன் கம்ப்யூட்டர் பக்கம் யாரையும் விடமாட்டார். பாஸ்வேர்டைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டேன் என்று பெருமையடிப்பார். சார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“மாமா, நான் ஒரு அசடு. போன வருஷம் ஒரு கம்பெனில பாஸ்வேர்டை மாத்தினேன். மாத்தினது என்னன்னு மறந்து போய்ட்டேன். ரெண்டு நாள் ஆபீஸே நின்னுடுத்து. ஆத்துல வந்து உட்கார்ந்தா சோறு இறங்கல. அப்பலேர்ந்து எங்கேயாவது எழுதி வெச்சுண்டாதான் நிம்மதியா இருக்கு” என்றார்.

மாமா உருகிவிட்டார். “அந்தத் தப்பை நான் பண்ணவே மாட்டேன், பாருங்கோ” என்று சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பினார். கோயில் கோபுரப் படத்துக்குப் பின்னால், பென்சிலில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு இருந்தது. சார் சிரிக்கவில்லை. “எனக்குக் காட்டின மாதிரியே இன்னொருத்தனுக்கும் காட்டிடுவேளே மாமா” என்று மட்டும் சொல்லி, மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து நீட்டினார். மாமா காது சிவக்க அழித்தார். விஷயம் டாக்டர் அறைக்குப் போகவில்லை.

எல்லோரிடமும் இப்படித்தான். எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் தன் தவறு ஒன்றை எடுத்து வைப்பார். தாஸிடம், “இன்னா நைனா, நான்கூட ஒரு தபா கதவைப் பூட்டாமயே வூட்டுக்குப் போய்ட்டேன். காலைல வந்து பார்த்தா ஒரு மிஷினைக் காணோம்” என்பார். தாஸ் உடனே, “நம்ம பின்கதவு தாப்பாகூட சரியா வுழாது சார்” என்று தானாகவே கக்கிவிடுவார். திருநெல்வேலிக்காரியான பாக்கியம் அக்காவிடம் போனால் பேச்சு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். அவருடைய சொந்தப் பேச்சு எது, சொந்த ஊர் எது என்று எங்களில் யாருக்கும் கடைசிவரை தெரியாது.

எனக்குக் கொஞ்சம் கோணல் புத்தி. அவர் சொன்ன தவறுகளை மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒரு மனிதன் இத்தனை தவறு செய்திருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அக்காவிடம் கேட்டேன்.

“இவர் சொல்றதெல்லாம் நிஜமாக்கா?”

“நெசமோ பொய்யோ, கேக்கதுக்கு நல்லா இருக்குல்லா” என்றாள் அக்கா.

அந்த அக்காவே ஒருநாள் அழுதாள். மத்தியான வேளையில் போன் வந்தது. அக்காதான் எடுத்தாள். யாரோ ஒருவர் பெங்களூரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தங்கையின் ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்டார். நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்றாள் அக்கா. அந்த ஆள் அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று விம்மினார். போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. ரிப்போர்ட்டை எடுத்து முழுவதும் வாசித்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் கழித்து சார் படியேறி வந்தார். கீழே தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து வந்திருக்கிறார். ஸ்டூலை இழுத்து அக்கா பக்கத்தில் போட்டார்.

“யக்கா, இப்பம் பேசினது நாந்தான்.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “ஒங்க மேல தப்பில்லக்கா. அழுதவனுக்கு யாருமே சொல்லத்தான் செய்வாங்க. இனிமே போன் வந்தா நம்பரை வாங்கி வச்சுக்கிட்டு நாமளே திருப்பிக் கூப்பிடுவோம், என்ன?” என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இமைகள் இன்னும் நனைந்திருந்தன. பொய்க்கு அழுதவர் நிஜமாகவே அழுதிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு அவரிடம் பயம். அதட்டுகிற ஆள் என்றால் முதுகை விறைத்துக்கொண்டு நிற்கலாம். இவரிடம் எதை விறைத்துக்கொள்வது? இவர் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டாலே, என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லாத நாட்களில்கூட, மேஜை டிராயரை இழுத்து மூடிவிடுவேன்.

பிறகு ஒளிப்பதற்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

தி. நகரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என் அத்தை மகன் ஒரு ஃப்ளாப்பி, கம்ப்யூட்டரில் செருகும் சின்னத் தகடு, கொடுத்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அடித்தால் ராசிக்கட்டம், நவாம்சம், தசா புத்தி எல்லாம் போட்டுத் தந்துவிடும். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரலட்சுமி நோன்பு வெள்ளிக்கிழமையன்று கூட வேலை பார்க்கும் பெண் லீவு. கம்ப்யூட்டர் அறையில் நான் மட்டும்தான். நல்ல நாள், பட்டுப் புடவை, காலி அறை. மத்தியானம் ஃப்ளாப்பியைப் போட்டு என் ஜாதகத்தை நானே எடுத்துக்கொண்டேன். வைரஸ் அதில்தான் வரும், வெளி ஃப்ளாப்பியை உள்ளே விடக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். ஃப்ளாப்பியின் மேல் ஓம் என்று எழுதி மஞ்சள் வைத்திருந்தது. அதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்றுதான், சத்தியமாக, நினைத்தேன்.

கோகுலாஷ்டமி முடிந்ததும் விஷயம் மெல்ல வெளியே கசிந்தது. கூட வேலை பார்த்த பெண் தன் அண்ணனுக்கு எடுத்தாள். கோபாலன் மாமா தன் மகளுக்கும் வந்திருந்த மூன்று வரன்களுக்கும் எடுத்துக்கொண்டார். தாஸ் தன் தங்கை மகளுக்குக் கேட்டார். நாலாம் நாள் டாக்டரே என்னைக் கூப்பிட்டு, “ஜாதகம் போட்டுத் தரயாமே? என் பையனுக்கும் ஒண்ணு எடுத்துடு” என்று நேரம் குறித்த சீட்டைக் கொடுத்தார். ரிப்போர்ட் அடிக்கும் தாளிலேயே, நிலையத்தின் பெயர் மேலே தெரிய, அவர் பிள்ளைக்கு ஏழரைச் சனி அச்சாகி வந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஒருவர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கத்தினார். அவர் பெயரில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. பெயர் போனால் போகிறது, கொழுப்பு 182 என்று இருக்க வேண்டிய இடத்தில் 812 என்று இருந்தது. பாக்கியம் அக்கா தனியாகக் குறித்து வைக்கும் நோட்டில் 182 என்றுதான் எழுதியிருந்தது. சாரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் தண்ணீர் கேட்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அதையே குடைந்துகொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் சொன்னார்.

“இந்த வைரஸ் மொத்தத்தையும் அழிக்கிற ஜாதி இல்ல டாக்டர். அழிச்சா நமக்குத் தெரிஞ்சிடும். நாம டைப் பண்ணி முடிச்சு உள்ளே சேமிக்கும்போது, எப்பவோ ஒரு தடவை, பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு எழுத்தை மாத்திப் போட்டுடும். நூறு ரிப்போர்ட் சரியா இருக்கும். ஒண்ணு தப்பா இருக்கும். எது அந்த ஒண்ணுன்னு பார்த்தா தெரியாது.”

ஒரு நாளைக்கு நான் எத்தனை பேருடைய சர்க்கரையை, உப்பை, ரத்த அணுக்களை அடித்து அனுப்புகிறேன்! அந்தத் தாளை நம்பித்தான் டாக்டர்கள் மாத்திரை எழுதுகிறார்கள்.

டாக்டர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். “வெளி ஃப்ளாப்பியைக் கொண்டு வந்தது யாருன்னு தெரிஞ்சாகணும். வேலை மட்டும் போகாது, போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பேன்” என்றார். தன் பிள்ளையின் ஏழரைச் சனி எந்த வழியாக வந்தது என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை போலும். நினைவூட்ட எங்களில் யாருக்கும் தைரியமும் இல்லை. சார் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. சாரின் குரல் கேட்டது.

“நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது டாக்டர். இப்போ யார் எங்கிட்ட உண்மையைச் சொல்லுவாங்க? எனக்கு யாருன்னு வேண்டாம். என்னிக்கு உள்ளே வந்ததுன்னு மட்டும் தெரியணும். அந்த நாள்லேர்ந்து அடிச்ச ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நோட்டோட ஒப்பிட்டாகணும். நாள் தப்பாப் போச்சுன்னா யாரோ ஒரு பேஷன்ட் மாட்டிக்குவாங்க.”

இதை நான் என் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. நடக்கவில்லை.

சாயங்காலம் ஸ்டூல் என் மேஜைப் பக்கம் வந்தது. இழுபடும் சத்தம் கேட்டதுமே ரிப்போர்ட்டுகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

“நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல, ஒரு எடத்துக்கு வைரஸைக் கொண்டு போய்ச் சேர்த்ததே நான்தாம்மா” என்று ஆரம்பித்தார். “என் ஃப்ளாப்பியிலதான் இருந்துது. பயந்துட்டேன். மூணு நாள் வாயைத் திறக்கல. அந்த மூணு நாளும் சாப்பிட்டது எதுவும் உள்ளே தங்கல.”

நிஜமா, பொய்யா? அந்த முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. ஆனால் என் கை தானாகவே போய் மேஜை டிராயரைத் திறந்தது. ஃப்ளாப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“யாருதுன்னு நான் கேட்கலை. என்னிக்கு முதல்ல போட்டதுன்னு மட்டும் சொல்லுங்க.”

நோன்பு வெள்ளி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. ஆனால் நோன்பன்று கம்ப்யூட்டர் அறையில் இருந்தது நான் ஒருத்திதான். அந்த நாளைச் சொல்வதும் என் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் என்றால் அன்று முதல் பல பேர் கை பட்டிருக்கிறது. போலீஸ் என்கிற சொல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் என் கல்யாணமும் போச்சு, அப்பாவின் உயிரும் போச்சு.

“கோகுலாஷ்டமிக்கு மறுநாள் சார். புதன்கிழமை.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“நிச்சயம் சார்.”

“ரொம்ப நன்றிம்மா. பெரிய உதவி பண்ணியிருக்கீங்க” என்றார். அவருடைய அந்த நன்றியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

இரண்டு நாள் ஒப்பிட்டார்கள். மூன்று ரிப்போர்ட்டுகளில் எண்கள் மாறியிருந்தன. மூன்று பேருக்கும் போன் செய்து புது ரிப்போர்ட் அனுப்பினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். கோபாலன் மாமா, “பெருமாள் காப்பாத்தினார்” என்றார். சாரும் காபி குடித்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். என்னைப் பார்த்துத் தனியாக ஒரு தலையசைப்பு வேறு.

நான் மட்டும் காபியை மேஜையிலேயே வைத்துவிட்டேன். எந்த நாளிலிருந்து ஒப்பிட்டார்கள் என்று பாக்கியம் அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். நான் சொன்ன நாளுக்கும் ஒரு வாரம் முன்னால் போய்விட்டாராம் சார். காயத்ரி ஜபத்துக்கு மறுநாள் புதன்கிழமையிலிருந்து பார்த்தார்களாம். ஒரு நிமிடம் மூச்சு வந்தது. பிறகு காலண்டரைப் பார்த்தேன். நோன்பு வெள்ளி, சனி, ஞாயிறு, அவிட்டம், ஜபம். ஐந்து நாள் அப்படியே நின்றிருந்தது. அந்த ஐந்து நாள் ரிப்போர்ட்டுகளை யாரும் தொடவில்லை.

அக்கா சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அவளுடைய நோட்டை எடுத்துவந்து நானே ஒப்பிட ஆரம்பித்தேன். யாராவது வந்தால் புடவையை இழுத்து நோட்டை மறைப்பேன். அந்த வார வெள்ளிக்கிழமை மத்தியானம் அது கிடைத்தது, நோன்புக்கு மறுநாள் சனிக்கிழமைப் பக்கத்தில்.

திருவான்மியூரிலிருந்து வரும் ஒரு பாட்டு டீச்சர். நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம். இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டவர். அப்படி மாற்றியவர்கள் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று அவ்வப்போது சோதித்துப் பார்த்து, வினாடி அதிகமானால் மாத்திரையைக் குறைப்பார்கள், குறைந்தால் கூட்டுவார்கள். அக்காவின் நோட்டில் 31 என்று இருந்தது. நான் அடித்த ரிப்போர்ட்டின் நகலில் 13 என்று இருந்தது. மாத்திரையைக் குறைக்க வேண்டியவருக்குக் கூட்டியிருப்பார்கள். மூன்று வாரமாகிவிட்டது.

அது வைரஸ் மாற்றியதா, என் விரல்தான் மாற்றி அடித்ததா என்று அப்போதும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. மாமி வீட்டில் போன் கிடையாது. டாக்டரிடம் போய்ச் சொல்லக் கால் எழவில்லை. அன்றைய தினம் எதுவும் செய்யாமல் வீட்டுக்குப் போனேன். ஒருநாளைக் கூடுதலாகத் தின்றது என் கோழைத்தனம். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை.

மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. நிலையம் விடுமுறை. காலையிலேயே அசோக் நகருக்குப் பஸ் ஏறினேன். சாருடைய விலாசம் எங்கள் போன் நோட்டில் இருந்தது. தெருவெல்லாம் களிமண் பிள்ளையார், எருக்க மாலை, குடை. மாடியில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவர் கையில் பிழிந்த துணி இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, “வாங்கம்மா, கொழுக்கட்டை கிடையாது, காபி உண்டு” என்றார்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “கோகுலாஷ்டமி இல்ல சார். நோன்பு வெள்ளிக்கிழமை” என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “பயந்தவங்க சொல்ற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி போய்ப் பார்க்கறது என் வழக்கம்” என்றார் மெதுவாக. “ரெண்டு நாள், மூணு நாள் மாத்திச் சொல்லுவாங்க. ஒரு வாரம் எப்பவும் போதுமா இருந்திருக்கு. நீங்க அதுக்கும் முன்னாடியா?”

தலையாட்டினேன். மாமியின் பெயரைச் சொன்னேன். எண்களைச் சொன்னேன். இப்போது அவர் தன் தவறு ஒன்றைச் சொல்வார், என் பயம் குறையும் என்று எனக்குள் ஒரு வெட்கங்கெட்ட எதிர்பார்ப்பு இருந்தது. அவரோ துணியை அப்படியே கொடியில் எறிந்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

ரிப்போர்ட் நகலிலிருந்து நான் குறித்து வந்த விலாசத்தை வைத்துத் திருவான்மியூர் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. வாசலில் மாக்கோலம். கதவு திறந்திருந்தது. மாமி ஊஞ்சலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“நீ லேப்ல இருக்கற பொண்ணுன்னோ? வா, வா. பிள்ளையாருக்கு நைவேத்யம் பண்ணக்கூட எழுந்துக்க முடியலடி. ரெண்டு நாளா பல் தேய்ச்சா ரத்தமா வரது. கையைப் பாரேன், எங்கேயும் இடிச்சுக்கல, தானா கன்னிப் போயிருக்கு” என்று முழங்கையைக் காட்டினாள். கருநீலமாக, உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு. “ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தானே டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்?”

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். கோபாலன் மாமாவை உருக்கியவர், பாக்கியம் அக்காவைத் தேற்றியவர், எந்த வீட்டுக்கு எந்தப் பேச்சு என்று அறிந்தவர். அவர் பேசினால் மாமி பயப்பட மாட்டாள். அவரோ அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமி, அந்த ரிப்போர்ட் தப்பு” என்றேன். “நான் அடிச்சதுதான். அதை நம்பி மாத்திரையைக் கூட்டிட்டாங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னிக்கு மாத்திரை சாப்பிடாதீங்கோ.”

மாமி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. “எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்றாள். நான் அவளுடைய செருப்பைத் தேடி எடுத்து வைத்தேன்.

சார் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எல்லாவற்றுக்கும் பிறகு திங்கட்கிழமை நானே டாக்டர் அறைக்குள் போய் முழுவதையும் சொன்னேன். வேலை போயிற்று. போலீஸ் வரவில்லை. மாமி பிழைத்தாள், பல வருஷம் பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஒரு மர பெஞ்சில் நான் ஒரு கோடியிலும் அவர் மறுகோடியிலும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகும் நர்ஸ் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தோம்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு சின்ன வயது டாக்டர் வெளியே வந்தார். ஊசி போட்டிருப்பதாகவும் ரத்தக் கசிவு குறைந்து வருவதாகவும் சொன்னார். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தலைக்குள்ளே கசிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழுதேன். சார் அழவில்லை. அவர் கண்கள் காய்ந்து கிடந்தன.

பெஞ்சின் மறுகோடியிலிருந்து என் பக்கம் திரும்பினார். அவர் பேசியது மாமாவின் பேச்சும் இல்லை, அக்காவின் பேச்சும் இல்லை.

“ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நான் என்ன சொல்லியிருந்தா நீங்க சரியான நாளைச் சொல்லியிருப்பீங்க?”

குற்றம்சாட்டுகிற கேள்வி இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் நானும் நிஜமாகவே யோசித்தேன். வேலை போகாது என்று சத்தியம் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். யாரோ ஒரு பேஷன்ட் மாட்டிக்கொள்வார் என்றதைத்தான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேனே. இன்னும் கனிவாகக் கேட்டிருக்கலாமா? அதைவிடக் கனிவாக ஒரு மனிதனால் கேட்க முடியாது.

“எதைச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் சார்.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். “அப்போ மத்த எடத்துல எல்லாம் எங்கிட்டச் சொன்ன நாள்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். அவர் போய்வந்த இடங்களும், அங்கே அவரிடம் சொன்ன நாட்களும் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார்.